'விட்டுவிட்டேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் எங்கே இடிக்கிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக்கொடுப்பது என் வேலை. கடிதம், அறிக்கை, கூட்டக் குறிப்பு என்று எது வந்தாலும் பேனா நிற்கும் இடம் ஒன்று உண்டு. 'விட்டுவிட்டேன்', 'விட்டுப்போயிற்று', 'தவிர' என்று தமிழில் நினைத்ததை ஆங்கிலத்தில் இறக்கிய இடம் அது. தமிழில் 'விடு' என்ற ஒரே வினை பேருந்தையும் விடும், காலைச் சாப்பாட்டையும் விடும், பட்டியலில் ஒருவர் பெயரையும் விடும். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வினை. அந்த வினையும் தனக்குப் பழகிய சில சொற்களைத்தான் பக்கத்தில் உட்காரவிடும்.

கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் வாக்கியத்துக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தலைப்பிலும் சுலபமாகச் சரியாகும் காரணம் முதலில் வரும், வாக்கியத்தையே மாற்ற வேண்டியது பின்னால் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் தமிழ் வாக்கியத்தை ஓரமாக எழுதி வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். வேண்டுமென்றே விட்டதா, கவனிக்காமல் விட்டதா? முன்பு இருந்ததை எடுத்ததா, சேர்க்கவே இல்லையா? விடுபட்டது ஆளா, எழுத்திலுள்ள ஒன்றா, செய்ய வேண்டிய செயலா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி 1: வினை சரி, ஆனால் பக்கத்துச் சிறு சொல் உறுத்துகிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். ஐந்து நிமிடத்தில் சரியாகும்.

முதலில் எழுத்துப்பிழையைப் பாருங்கள். 'ஒமிட்' என்பதில் எம் ஒன்றுதான். 'கமிட்' என்பதில் எம் இரண்டு வருவதால் இங்கேயும் இரண்டு போட்டுவிடுகிறார்கள். 'ஒமிட்டட்' என்று இறந்தகாலம் ஆகும்போது டி இரண்டாகும். 'ஒமிஷன்' என்று பெயராகும்போது எம் ஒன்று, எஸ் இரண்டு.

அடுத்து 'ஃப்ரம்'. 'ஒமிட்', 'எக்ஸ்க்ளூட்', 'எக்ஸெம்ப்ட்' மூன்றும் எதிலிருந்து என்று சொல்ல 'ஃப்ரம்' கேட்கும். 'யுவர் நேம் வாஸ் ஒமிட்டட் ஃப்ரம் தி லிஸ்ட்' சரி. 'ஒமிட்டட் இன் தி லிஸ்ட்' என்று எழுதியிருந்தால் 'இன்' எடுத்துவிட்டு 'ஃப்ரம்' போடுங்கள். தமிழில் 'பட்டியலில் விட்டுப்போயிற்று' என்று 'இல்' சேர்த்துச் சொல்கிறோமே, அந்தப் பழக்கம்தான் 'இன்' என்று வந்து நிற்கிறது. 'பட்டியலிலிருந்து' என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டால் கை தானாக 'ஃப்ரம்' எழுதும்.

'லீவ் அவுட்' மட்டும் வேறு வழி போகும். அதற்கு 'ஆவ்' வேண்டும், ஒற்றை எஃப் உள்ளது: 'லெஃப்ட் அவுட் ஆவ் தி ரிப்போர்ட்'. பட்டியல் என்றால் இரட்டை எஃப் உள்ள 'ஆஃப்' சேர்த்து, 'அவுட்' இல்லாமல், 'லெஃப்ட் ஆஃப் தி லிஸ்ட்' என்பதும் இயல்பான வழக்கு.

'ஸ்கிப்', 'மிஸ்', 'ஓவர்லுக்' இவற்றுக்குப் பின்னால் எந்தச் சிறு சொல்லும் வேண்டாம். விட்ட பொருள் நேராக வரும்: 'ஸ்கிப் எ லைன்', 'மிஸ் எ டெட்லைன்', 'ஓவர்லுக் எ மிஸ்டேக்'. 'ஸ்கிப்டு ஹிஸ் நேம் ஃப்ரம் தி லிஸ்ட்' என்று எழுதியிருந்தால் 'ஃப்ரம்' மட்டும் அடித்தால் போதாது, வினையையே மாற்றுங்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவுவதற்கு 'ஸ்கிப் ஃப்ரம்' வரலாம், அது வேறு பொருள்.

'ஒமிட் அவுட்', 'எக்ஸ்க்ளூட் அவுட்' என்று கண்டால் 'அவுட்' தேவையில்லை. வெளியே என்ற பொருள் வினைக்குள்ளேயே இருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் காது ஒப்பவில்லையா? சுட்டுச்சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'லீவ் அவுட் இட்' என்று ஆங்கிலம் சொல்லாது. 'லீவ் இட் அவுட்' என்றுதான் வரும். முழுப் பெயர்ச்சொல் என்றால் 'லீவ் அவுட் தி செகண்ட் பாராகிராஃப்', 'லீவ் தி செகண்ட் பாராகிராஃப் அவுட்' இரண்டும் சரி.

அறிகுறி 2: 'மிஸ்' போட்டேன், படித்தவர் வேறு ஏதோ புரிந்துகொண்டார்

தமிழ்ப் பேச்சில் 'மிஸ் பண்ணிட்டேன்', 'மிஸ் ஆயிடுச்சு' என்று நாள் முழுக்கப் புழங்குகிறோம். அதனாலேயே ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வினை மேல் சந்தேகமே வருவதில்லை. நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

பொருள் தொலைந்ததா? 'ஐ மிஸ்டு மை பேனா' என்ற வடிவில் எழுதினால், அந்தப் பேனா இல்லாமல் ஏங்கினேன் என்றுதான் ஆங்கிலம் படிக்கும். தொலைந்தது என்றால் 'லாஸ்ட்'. எங்கேயோ வைத்துவிட்டு வந்தால் 'லெஃப்ட்' அல்லது 'லெஃப்ட் பிஹைண்ட்'.

கோப்பை இணைக்க மறந்ததா? 'ஐ மிஸ்டு டு அட்டாச் தி ஃபைல்' என்பது அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி கண்ணில் படும். 'மிஸ்' பின்னால் 'டு' வராது. 'ஐ ஃபர்காட் டு அட்டாச் தி ஃபைல்' என்று மாற்றுங்கள், அவ்வளவுதான். 'டு' எடுத்துவிட்டு 'மிஸ்டு அட்டாச்சிங்' என்று ஒட்டுப்போடாதீர்கள். அது மறுபடி ஏக்கத்துக்கே போகும்.

ஏதோ ஒன்று இல்லை என்று சொல்ல வேண்டுமா? 'டூ பேஜஸ் ஆர் மிஸ்டு' தவறு, 'டூ பேஜஸ் ஆர் மிஸ்ஸிங்' சரி. இரண்டு பக்கம் காணவில்லை என்பது இப்போது உள்ள நிலை. அதற்கு 'மிஸ்ஸிங்' என்ற வடிவம்தான் உண்டு.

எழுதும்போது ஒரு சொல் விட்டுப்போனதா? 'யூ மிஸ்டு அவுட் எ வேர்டு' என்று பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் சொல்வார்கள். அமெரிக்கருக்கு எழுதுகிறீர்கள் என்றால் 'லெஃப்ட் அவுட்' என்று வையுங்கள், இரு பக்கமும் செல்லும். இதோடு 'ஆன்' ஒட்டினால் பொருள் வேறு. 'மிஸ்டு அவுட் ஆன் தி ஆஃபர்' என்றால் நல்ல வாய்ப்பு ஒன்று கைநழுவிப்போனது என்று அர்த்தம்.

இவை எதுவும் இல்லையென்றால், 'மிஸ்' வேண்டுமா 'ஸ்கிப்' வேண்டுமா என்ற குழப்பமாக இருக்கும். இதற்கு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. பல மருந்துத் தாள்களில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: 'இஃப் இட் இஸ் ஆல்மோஸ்ட் டைம் ஃபார் யுவர் நெக்ஸ்ட் டோஸ், ஸ்கிப் தி மிஸ்டு டோஸ்.' ஒரே வாக்கியத்தில் இரண்டு வினையும் நிற்கிறது. 'மிஸ்டு' என்பது மறந்துபோன வேளை. 'ஸ்கிப்' என்பது தெரிந்தே தாண்டிவிடுங்கள் என்ற சொல். அதாவது, மறந்துபோன அந்த மாத்திரையை இனி போட வேண்டாம், அடுத்த வேளைக்குப் போய்விடுங்கள். இரண்டுக்கும் 'விட்டுவிடு' என்றே எழுதி, 'விட்டுப்போன வேளையை விட்டுவிடவும்' என்று மொழிபெயர்த்த பிரதி ஒன்று என் மேசைக்கு வந்தது. படிப்பவர் என்ன செய்வார்? மருந்தாளுநர் ஒருவரிடம் காட்டிவிட்டு 'மறந்துபோன மாத்திரையைப் போட வேண்டாம்' என்று மாற்றிக்கொடுத்தேன்.

அறிகுறி 3: இலக்கணம் சரி, ஆனால் பழி வேறு ஆள் மேல் விழுகிறது

இந்தக் கோளாறைக் கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் பிடிக்காது. எழுத்து சரி, இலக்கணம் சரி, படித்தவர் மட்டும் கோபித்துக்கொள்வார்.

ஒரு விழா அழைப்பில் ஒருவர் பெயர் விட்டுப்போய்விட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தில் 'வி ஸ்கிப்டு யுவர் நேம்' என்று இருந்தது. எழுதியவர் மனம் நொந்துதான் எழுதியிருந்தார். ஆனால் 'ஸ்கிப்' என்றாலே தெரிந்து தாண்டுவது. உணவைத் தவிர்ப்பது, வகுப்புக்குப் போகாமல் இருப்பது, கேள்வியைத் தாண்டி அடுத்ததற்குப் போவது இவைதான் அதற்குப் பழகிய இடங்கள். மன்னிப்புக் கடிதத்தில் அது 'உங்கள் பெயரைப் பார்த்தோம், தாண்டிப்போனோம்' என்று ஒலிக்கும். 'யுவர் நேம் வாஸ் இனட்வெர்டன்ட்லி ஒமிட்டட்' என்று மாற்றினோம். கடிதம் அப்புறம்தான் மன்னிப்புக் கடிதம் ஆனது.

சோதித்துப் பார்க்கும் வழி இது. உங்கள் வினைக்கு முன்னால் தமிழில் 'தெரியாமல்' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'ஓவர்லுக்' போடலாம், அல்லது 'இனட்வெர்டன்ட்லி', 'ஆக்ஸிடென்டலி' இரண்டில் ஒன்றைச் சேர்த்து 'ஒமிட்' போடலாம். 'வேண்டுமென்றே' பொருந்தினால் 'ஸ்கிப்', 'எக்ஸ்க்ளூட்', அல்லது 'டெலிபரேட்லி ஒமிட்'. இரண்டும் பொருந்துகிறதென்றால் தனி 'ஒமிட்', 'லீவ் அவுட்' இவையே நல்லது. அவை யாரையும் குற்றம் சொல்வதில்லை.

'கன்வீனியன்ட்லி ஒமிட்டட்' என்ற ஜோடியை மட்டும் நன்கு யோசித்துப் பயன்படுத்துங்கள். வசதியாக விட்டுவிட்டார் என்று சாதாரணமாகச் சொல்வது போலத் தோன்றும். உண்மையில் அது 'தன் வசதிக்காக மறைத்தார்' என்ற நேரடிக் குற்றச்சாட்டு.

'நெக்லெக்ட்' இன்னும் கனமான சொல். கடமையை, குழந்தையை, உடல்நலத்தைக் கவனிக்காமல் விடுவதற்கு வரும். 'நெக்லெக்டட் டு இன்ஃபார்ம்' என்றால் சொல்ல வேண்டிய பொறுப்பு இருந்தும் சொல்லவில்லை என்று அர்த்தம். 'ஃபெயில்டு டு இன்ஃபார்ம்' என்பதும் அலுவலகக் கடிதத்தில் கண்டிப்பான தொனிதான். சக ஊழியருக்கு எழுதும் சாதாரணக் குறிப்பில் இரண்டும் வேண்டாம். 'ஃபர்காட் டு' போதும்.

'ஒமிட் டு சைன்' என்று வரலாமா என்று கேட்பார்கள். வரலாம், ஆனால் சட்டக் கடிதத்தின் வாடை அடிக்கும். பொருள் 'கையெழுத்துப் போடத் தவறினார்' என்பது.

விடுபட்டது ஆளாக இருந்தால் கவனம். பெயரை 'ஒமிட்' செய்யலாம், மனம் புண்பட்டவரை 'ஃபெல்ட் ஒமிட்டட்' என்று எழுதக்கூடாது. 'ஃபெல்ட் லெஃப்ட் அவுட்' என்பதுதான் அந்த உணர்வுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல். 'எக்ஸ்க்ளூடட்' போட்டால் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள் என்ற அழுத்தம் வரும். அது உண்மையென்றால் போடுங்கள்.

கடைசியாக 'ஓவர்சைட்'. கவனப்பிசகு என்றும் பொருள், மேற்பார்வை என்றும் பொருள். 'ட்யூ டு அன் ஓவர்சைட்' என்று முன்னால் 'அன்' இருந்தால் பிசகு. 'அண்டர் தி ஓவர்சைட் ஆவ்' என்றால் மேற்பார்வை. 'அன்' விடுபட்டால் வாக்கியம் இரண்டுக்கும் நடுவில் தொங்கும். அதேபோல் கோப்பை ஒருமுறை பாருங்கள் என்ற பொருளில் 'ப்ளீஸ் ஓவர்லுக் திஸ் ஃபைல்' என்று எழுதிவிடாதீர்கள். கண்டும் காணாமல் விட்டுவிடுங்கள் என்று சொன்னதாகிவிடும். பார்த்துத்தருவதற்கு 'லுக் ஓவர்'.

அறிகுறி 4: 'தவிர' வந்த இடத்தில் கணக்கு உதைக்கிறது

'அவரைத் தவிர எல்லோரும் வந்தார்கள்.' அவர் வரவில்லை. 'அவரைத் தவிர இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.' அவரும் வந்தார், ஆக மொத்தம் நான்கு. ஒரே 'தவிர' ஒரு வாக்கியத்தில் அவரை வெளியே தள்ளுகிறது, இன்னொன்றில் உள்ளே வைக்கிறது. நமக்கு இது பிறவிப் பழக்கம் என்பதால் குழப்பம் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் முதலாவது 'எக்செப்ட்', இரண்டாவது 'பிஸைட்ஸ்'. இரண்டாவது இடத்தில் 'எக்செப்ட்' போட்டால் நான்கு பேர் மூன்றாகிவிடுவார்கள்.

முதல் சோதனை: தமிழ் வாக்கியத்தில் 'எல்லோரும்', 'எல்லாம்', 'யாரும்', 'எதுவும்' போன்ற சொல் இருக்கிறதா? இருந்தால் 'எக்செப்ட்'. 'இன்னும்' இருக்கிறதா, அல்லது சேர்த்தால் பொருந்துகிறதா? 'பிஸைட்ஸ்'. நேரம் இல்லையென்றால் 'அபார்ட் ஃப்ரம்' போட்டுவிடலாம், அது நம் 'தவிர' மாதிரியே இரண்டு பக்கமும் பேசும். ஆனால் தலைகளை எண்ணும் அறிக்கையில், பணக்கணக்கில் அதைப் போடாதீர்கள். அங்கே இரண்டு பொருளும் வரக்கூடிய சொல் சண்டைக்கு வழி.

வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் 'எக்செப்ட்' தனியாக நிற்காது, 'எக்செப்ட் ஃபார்' என்று வர வேண்டும்.

'தவிர்க்கவும்' என்பதை 'அவாய்ட்' ஆக்கியிருக்கிறீர்களா? 'அவாய்ட் ஹிஸ் நேம் இன் தி லிஸ்ட்' தவறு. 'அவாய்ட்' என்பது வரவிருக்கும் தொல்லையிலிருந்து விலகுவது: விபத்து, தாமதம், நெரிசல். பெயரை விடுவதற்கு 'ஒமிட்'.

விலக்கு அளிப்பதா? 'எக்ஸெம்ப்ட் ஃப்ரம்' வினை, 'எக்ஸெம்ப்ஷன்' பெயர். ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் 'மேக் அன் எக்செப்ஷன் ஃபார்'. விதிக்கு விலக்கு என்றால் 'எக்செப்ஷன் டு'. ஆனால் 'டேக் எக்செப்ஷன் டு' என்று எழுதினால் விலக்கு பெற்றதாக ஆகாது, 'ஆட்சேபிக்கிறேன், எனக்கு இது பிடிக்கவில்லை' என்று ஆகும். விலக்கு வேண்டி எழுதிய விண்ணப்பத்தில் இந்த ஜோடி இருந்தால் அனுப்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 5: சேர்க்கவே இல்லை என்றேன், நீக்கிவிட்டார்கள் என்று படித்தார்கள்

'ரிமூவ்', 'டிலீட்', 'டிராப்', 'ஸ்டிரைக் ஆஃப்' எல்லாமே முன்பு இருந்ததை எடுப்பது. 'மை நேம் வாஸ் ரிமூவ்டு' என்று புகார் எழுதினால், 'முதலில் இருந்ததற்கு ஆதாரம் எங்கே?' என்று கேட்பார்கள். சேர்க்கவே இல்லையென்றால் 'ஒமிட்டட்', 'லெஃப்ட் அவுட்', 'நாட் இன்க்ளூடட்' இவற்றில் ஒன்று. 'டிராப்டு ஃப்ரம் தி டீம்' என்றால் அணியில் இருந்தவரை எடுத்துவிட்டார்கள். 'டிராப்டு அவுட் ஆவ் தி கோர்ஸ்' என்றால் அவரே படிப்பை நடுவில் நிறுத்திக்கொண்டார். ஒரு 'அவுட்' சேர்ந்ததும் முடிவெடுத்தவர் மாறிவிட்டார், பாருங்கள்.

அறிகுறி 6: எழுதவில்லை, படிக்கிறேன், பொருள் தலைகீழாகப் படுகிறது

மருத்துவப் பரிசோதனைச் சீட்டில் 'டு ரூல் அவுட்' என்று போட்டு ஒரு நோயின் பெயர் இருக்கும். வீட்டில் எல்லோரும் கலங்கிப்போவார்கள். நோய் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அது இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவே பரிசோதனை. அதே சமயம், முடிவு அறிக்கையில் 'கேனாட் பி எக்ஸ்க்ளூடட்' என்று இருந்தால் 'இல்லை என்று இப்போது சொல்ல முடியவில்லை' என்பது பொருள். இதை 'இல்லை' என்றும் படிக்கக்கூடாது, 'இருக்கிறது' என்றும் படிக்கக்கூடாது. இந்தச் சொற்றொடரைக் கண்டால் மேற்கொண்டு அகராதி பார்க்காதீர்கள், அறிக்கையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

விலைப்பட்டியலில் 'எக்ஸ்க்ளூசிவ் ஆவ் டாக்ஸ்' என்றால் வரி சேர்க்காத விலை, அதாவது இன்னும் கட்ட வேண்டும். விளம்பரத்தில் வரும் 'எக்ஸ்க்ளூசிவ்' வேறு. 'ஆவ்' இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

பில்லின் அடியில் 'ஈ அண்ட் ஓ ஈ' என்று மூன்று எழுத்து இருக்கும். 'எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் எக்செப்டட்' என்பதன் சுருக்கம், பிழைகளும் விடுபட்டவையும் நீங்கலாக என்று பொருள். கணக்கில் ஏதாவது தவறியிருந்தால் பிறகு திருத்தும் உரிமையை பில் போட்டவர் வைத்துக்கொள்கிறார்.

காப்பீட்டுப் பத்திரம்தான் இதில் கடினமானது. 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற தலைப்பின் கீழ் எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று இருக்கும். அந்த வரிக்குள்ளேயே 'எக்செப்ட்' என்று இன்னொரு விலக்கு வரும். தண்ணீரால் வரும் சேதம் விலக்கு, குழாய் வெடித்து வந்தது நீங்கலாக என்று ஒரு வரி இருந்தால், குழாய் வெடித்த சேதத்தை அந்த வரி விலக்கவில்லை. வெளியே தள்ளியதிலிருந்து வெளியே தள்ளினால் மறுபடி உள்ளே. பென்சிலால் 'எக்ஸ்க்ளூட்' வரும் இடத்தில் ஒரு கோடு, 'எக்செப்ட்' வரும் இடத்தில் ஒரு கோடு போட்டுப் படியுங்கள். கோடு ஒன்றென்றால் கிடைக்காது, இரண்டென்றால் அந்த வரியைப் பொறுத்தவரை கிடைக்க வழியுண்டு. மூன்றாவது கோடு விழுந்தால் பென்சிலை வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எதிலும் அடங்காவிட்டால்

இரண்டு சொல் சேர்ந்து வருமா என்ற சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தால் தொகுப்புகளில் தேடுங்கள். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்பது சுமார் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பு. அமெரிக்க ஆங்கிலத்துக்கு 1990 முதலான எழுத்தையும் பேச்சையும் திரட்டிய 'கோக்கா' ('கார்ப்பஸ் ஆவ் கன்டெம்பரரி அமெரிக்கன் இங்கிலிஷ்' என்பதன் சுருக்கம்) இருக்கிறது. உங்கள் ஜோடியை அப்படியே இட்டுப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் வந்தால் தைரியமாக எழுதுங்கள். ஒன்றிரண்டுதான் வந்தால் அந்த வாக்கியங்களைத் திறந்து படியுங்கள், பல நேரம் அவை வேறு பொருளில் இருக்கும். பொதுத் தேடுபொறியில் வரும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். நாம் எல்லோரும் செய்யும் அதே பிழைகளும் அங்கே எண்ணப்பட்டிருக்கும்.

எப்போது வேறொருவரைக் கூப்பிட வேண்டும்

ஒப்பந்தம், உயில், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம், காப்பீட்டுக் கோரிக்கை, மருந்து அளவு பற்றிய குறிப்பு. இந்த ஐந்தில் 'விடு' பொருளுள்ள வினை ஒன்று வந்தாலும் நான் தனியாகத் திருத்தித் தருவதில்லை, அந்தத் துறையில் பழகிய மொழிபெயர்ப்பாளரிடமோ வழக்கறிஞரிடமோ மருந்தாளுநரிடமோ அனுப்பிவிடுவேன். 'ஒமிட்டட்' என்பதற்கும் 'எக்ஸ்க்ளூடட்' என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி அங்கே பணமாகவோ உயிராகவோ இருக்கும்.

அவர்களிடம் போகும்போது ஆங்கில வாக்கியத்தை மட்டும் நீட்டாதீர்கள். நீங்கள் சொல்ல நினைத்த தமிழ் வாக்கியத்தையும் அதன் கீழே மூன்று பதில்களையும் எழுதிக் கொண்டுபோங்கள்: தெரிந்தா தெரியாமலா, இருந்ததா இல்லவே இல்லையா, ஆளா எழுத்தா செயலா. அந்தத் தாள் இருந்தால் அவர்கள் உங்கள் ஆங்கிலத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்காது.